கூழைத் தள்ளிவிட்ட விளம்பரம்

ராஜபாளையம் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் கம்பங்கூழ் வண்டி போட்டிருக்கும் நாகஜோதி யாரிடமும் சிரித்துப் பேசமாட்டாள். திமிர் பிடித்தவள் என்பார்கள். விஷயம் தெரிந்தால் அப்படிச் சொல்ல நாக்குக் கூசும்.

அவள் சிறுபிள்ளையாக இருந்தபோது அந்த வண்டி அவள் அம்மா இருளம்மாளுடையது. உள்ளூரில் கார்ன் ஃப்ளேக்ஸ் தயாரித்த கம்பெனிக்காரர் ஒருவர், கேபிள் டிவி விளம்பரத்துக்கு நாகஜோதியை அழைத்துக்கொண்டு போனார். கூழும் செம்பும் இந்த வண்டியிலிருந்தே போயின. அவள் மூக்கைச் சுளித்து, "ச்சீ, கூழா?" என்று செம்பைத் தள்ளிவிட வேண்டும்; பிறகு கார்ன் ஃப்ளேக்ஸை அள்ளித் தின்று சிரிக்க வேண்டும். தினமும் ஆசையாகக் குடிக்கிற கூழாயிற்றே, சுளிப்பு எப்படி வரும்? கம்பெனிக்காரரே சுளித்துக் காட்டிச் சொல்லிக்கொடுத்தார். பாலையும் நம் ஊர் வழக்கப்படி கொதிக்கக் கொதிக்க ஊற்றிவிட்டார்கள். கார்ன் ஃப்ளேக்ஸே ஊறிக் கூழாகிவிட்டது! அதன்மேல் காய்ந்ததைத் தூவிப் படம் பிடித்தார்கள், எத்தர்கள்.

ஞாயிற்றுக்கிழமைப் படத்துக்கு நடுவே அந்த விளம்பரம் ஓயாமல் வந்தது. பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் வண்டியைப் பார்த்து, "ச்சீ, கூழா?" என்று கத்திக்கொண்டு ஓடின. வாங்க வந்தவர்களும் கூச்சப்பட்டு விலகினார்கள். பெற்ற பிள்ளையை வைத்தே தாயின் வயிற்றில் அடித்த பாவிகள்! இருளம்மாள் மகளைத் திட்டவில்லை. "நீ வண்டிப் பக்கம் வராத தாயி. ஒன்னயப் பாத்தா இன்னும் கூடக் கத்துதுக," என்று மட்டும் சொன்னாள். அம்மா சாகும்வரை நாகஜோதி இந்தப் பக்கம் வரவில்லை; அதற்குப் பிறகுதான் வண்டியைக் கையில் எடுத்தாள்.

போன மாதம் அந்தக் கம்பெனிக்காரர் மகன் விக்னேஷ்வரன் காரில் வந்து இறங்கினான். இப்போது சிறுதானியத்துக்கு மவுசு. கம்பு ஃப்ளேக்ஸ் விற்கிறார்களாம். நான் பக்கத்தில்தான் கூழ் குடித்துக்கொண்டு நின்றேன்.

"அக்கா, அந்தப் பழைய விளம்பரம் இப்ப யூடியூப்ல ஓடுது. புதுசுலயும் நீங்களே வாங்க. 'எங்கம்மா கூழு மாதிரியே இருக்கு'ன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

நாகஜோதி ஒரு செம்புக் கூழை நீட்டினாள். "எங்கம்மா கூழு எப்படி இருக்கும்னு மொதல்ல நீ குடிச்சுப் பாரு, தம்பி."

ஒரு வாய்தான் குடித்தான். புளிப்பில் மூக்கு தானாகச் சுளித்தது.

"இந்தா, இந்த மூஞ்சியத்தான் ஒங்கய்யா எனக்குச் சொல்லிக் குடுத்தாரு," என்றாள் நாகஜோதி. "ஒனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்ல. செம்ப வச்சிட்டுப் போ."