கிளட்ச் இல்லாத வண்டி

பைக் வாங்குவதா, ஸ்கூட்டர் வாங்குவதா என்று எங்கள் வீட்டில் ஒரு மழைக்காலம் முழுக்கச் சண்டை நடந்தது. சண்டை என்றால் சத்தம் போட்டு அல்ல. என் வீட்டுக்காரர் எப்போதுமே சத்தம் போடமாட்டார். நான் போடுவேன். ஆனால் அந்த வருஷம் அவருக்கு ரத்தக் கொதிப்பு ஏறக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்ததால் என் வாய்க்கும் சேர்த்துப் பத்தியம் வைத்தாயிற்று. சாப்பாட்டுத் தட்டை வைக்கிற சத்தத்திலும் கதவைச் சாத்துகிற சத்தத்திலும்தான் எங்கள் வாக்குவாதம் நடந்தது.

நான் சீவலப்பேரியில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். வீடு பாளையங்கோட்டையில். கல்யாணமான நாளிலிருந்து காலையில் என்னைப் பள்ளிக்கூடத்து வாசலில் இறக்கிவிட்டு, திரும்பி வந்து, மார்க்கெட் பக்கம் அவர் மேனேஜராக இருக்கிற டைல்ஸ் கடையைத் திறப்பதுதான் அவர் வழக்கம். நான் சேலை கட்டிக்கொண்டு பைக்கில் ஒரு பக்கமாக உட்கார்ந்து, வலது கையால் அவர் தோளைப் பிடித்திருப்பேன். வேகத்தடை வருகிறதென்றால் அவர் ரொம்ப முன்னாலேயே கிளட்சைப் பிடித்துவிடுவார். வண்டி தானாக உருண்டு போய் மேட்டில் ஏறி இறங்கும். எனக்கு வயிற்றுத் தண்ணீர் கூட அலுங்காது. நான் பிள்ளைத்தாச்சியாக இருந்தபோது தொடங்கிய பழக்கம் அது. அந்தப் பிள்ளை படித்து முடித்து இப்போது பெங்களூரில் வேலை பார்க்கிறாள். கிளட்ச் பிடிக்கிற பழக்கம் மட்டும் அவரை விட்டுப் போகவில்லை.

பழக்கம் போகவில்லை, கை போய்விட்டது. ஒரு காலையில் சவரம் பண்ணிக்கொண்டிருந்தவர் கண்ணாடி முன்னால் அப்படியே சரிந்தார். இடது பக்கம் முழுவதும் விழுந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் கிடந்து எழுந்து வந்தபோது பேச்சு திரும்பியிருந்தது. காலும் பையப் பையத் திரும்பியது, கொஞ்சம் இழுத்து நடப்பார், அவ்வளவுதான். இடது கை மட்டும் வரவில்லை. தோளிலிருந்து தூக்குவார், ஆனால் விரல்கள் மடங்காது. பிசியோதெரபி சொல்லித்தந்த பெண் ஒரு மஞ்சள் பந்தைக் கொடுத்து, இதை அமுக்கிக்கொண்டே இருங்கள் என்றாள். அந்தப் பந்து டிவிக்குப் பக்கத்தில் கிடந்தது. நான் துடைத்துத் துடைத்து வைத்தேன். அவர் தொடவில்லை.

இதற்கிடையில் பைக்கும் படுத்துவிட்டது. ஓட்ட ஆளில்லாமல் மழையிலும் ஈரத்திலும் நின்ற வண்டி. மெக்கானிக் வந்து உதைத்துப் பார்த்துவிட்டு, "இஞ்சின் போயிட்டு அண்ணாச்சி. இதுக்குச் செலவழிக்கதுக்குப் புது வண்டியே எடுத்துரலாம்" என்றார். வீட்டுக்காரர் தலையாட்டினார். அன்றைக்குத்தான் சண்டை ஆரம்பித்தது.

நான் அதுவரை டவுன் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். பெண்களுக்குக் காசில்லாத பஸ். காசும் கிடையாது, நேரமும் கிடையாது. வந்தால் வரும். வந்த பஸ் நிறுத்தத்தில் நிற்காமல் தள்ளிப் போய் நிற்கும், நாங்கள் பையும் டிபன் பாத்திரமுமாக ஓட வேண்டும். பள்ளிக்கூடத்துக்குள் நுழையும்போது காலைப் பிரேயர் முடிந்து பிள்ளைகள் வகுப்புக்குள் போயிருப்பார்கள். ஹெட்மிஸ்ட்ரஸ் ஒன்றும் சொல்லமாட்டார், சுவர்க் கடிகாரத்தை ஒருதரம் பார்ப்பார். அதற்கு அவர் வாய்விட்டே திட்டித் தொலைக்கலாம் என்று எனக்கு வரும்.

என்னோடு வேலை பார்க்கிற டீச்சரின் ஸ்கூட்டரை இரவல் வாங்கிப் பள்ளிக்கூட மைதானத்தில் ஓட்டிப் பழகினேன். லைசென்ஸும் எடுத்துவிட்டேன். வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டுத்தான் செய்தேன். "நல்லதுதான்" என்றார். மறுநாள் காலை, "பைக்கே வாங்குவோம்" என்றார்.

அவர் சொன்ன காரணங்களை இப்போது நினைத்தாலும் ஒன்றும் தப்பில்லை. "ஏட்டி, அறுப்பு நேரத்துல அந்த ரோட்டப் பாத்திருக்கேல்லா? பாதி ரோட்டுல நெல்லக் காயப் போட்டுருப்பானுவ. ஸ்கூட்டருக்குச் சின்னச் சக்கரம். வைக்கோல் மேல ஏறுச்சுன்னா வழுக்கிரும்."

"வைக்கோல்ல ஏத்தாம நான் ஓட்டிக்கிடுதேன்."

"பள்ளத்துல விழுந்தா?"

"பள்ளத்தப் பாத்து ஓட்டுதேன்."

"நீ எதுக்கு ஓட்டணும்? நான்லா ஓட்டப் போறேன். கொஞ்ச நாள்ல கை சரியாயிரும்."

நான் தட்டை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போய்விட்டேன். டாக்டர் அப்படி எதுவும் சொல்லவில்லை. வரலாம், வராமலும் போகலாம் என்றுதான் சொல்லியிருந்தார். கியர் இல்லாத வண்டிதானே, அவரே ஓட்டலாமே என்று அக்கம்பக்கத்தில் யோசனை சொன்னவர்களும் உண்டு. ஸ்கூட்டரில் பின்பக்க பிரேக் இடது கையில் இருக்கிறது. யோசனை சொல்கிறவர்களுக்கு அதெல்லாம் எங்கே ஞாபகம் இருக்கப் போகிறது.

எனக்கும் காரணங்கள் இருந்தன. உயரம் குறைவு, சேலையோடு ஏறி இறங்கலாம், முன்னால் பை வைக்க இடம் உண்டு. அவர் சக்கரத்தைப் பற்றிச் சொல்வார், நான் பையைப் பற்றிச் சொல்வேன். இரண்டு பேரும் கையைப் பற்றிப் பேசவில்லை. ஸ்கூட்டர் வாங்கினால் அந்தக் கை இனி வராது என்று நாங்களே முடிவு கட்டியது மாதிரி ஆகிவிடும். பைக் வாங்கினால் அது வாசலில் நின்று அந்தக் கைக்காகக் காத்திருக்கும். அவருக்கு வேண்டியது அந்தக் காத்திருப்புதான். எனக்கு அது விளங்காமல் இல்லை. ஆனால் நான் பள்ளிக்கூடம் போக வேண்டுமே. வாசலில் நிற்கிற நம்பிக்கையில் ஏறி உட்கார்ந்து சீவலப்பேரி போக முடியாது.

கடைசியில் ஒரு சனிக்கிழமை வண்ணார்பேட்டையில் ஒரு ஷோரூமுக்குப் போனோம். போகும்போதும் எதை வாங்குவதென்று முடிவாகவில்லை. விற்பனை செய்கிற இளைஞர் என்னைப் பார்க்கவே இல்லை, நேராக அவரிடம் போய், "வாங்க அண்ணாச்சி, எந்த மாடல் பாக்கணும்?" என்றார். இவர் ஒரு கறுப்பு பைக்கைக் காட்டினார். "உக்காந்து பாருங்க அண்ணாச்சி" என்றார் அவர். இவரும் உட்கார்ந்தார். நான் போய்த் தாங்கவில்லை, தாங்கினால் பிடிக்காது. வலது கையால் இடது கையைத் தூக்கி ஹேண்டிலில் வைத்தார். விரல்களை ஒவ்வொன்றாக எடுத்து கிளட்ச் மேல் போட்டார். அப்புறம் வலது கையை எடுத்துவிட்டு, அமுக்கப் பார்த்தார்.

நான் சுவரில் ஒட்டியிருந்த விளம்பரத்தைப் படித்தேன். மேலிருந்து கீழ்வரை படித்தேன். திரும்பிப் பார்க்கும்போதும் அவர் அமுக்கிக்கொண்டுதான் இருந்தார். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. விரல்கள் கிளட்ச் மேல் கிடந்தன. விற்பனைக்காரர் அந்த வண்டி எத்தனை நிறத்தில் கிடைக்கும் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"சீட்டு உயரமா இருக்கு" என்றார் என் வீட்டுக்காரர். பைய இறங்கினார். "அந்த ஸ்கூட்டரக் காட்டுங்க. அவதான் ஓட்டணும்."

மாதக்கணக்கில் கேட்டது கிடைத்துவிட்டது. ஜெயித்துவிட்டேன். இதைப்போல ஒரு கேடுகெட்ட ஜெயம் எனக்கு வாய்த்ததே இல்லை. பைக்கே வாங்குவோம் என்று சொல்லிவிடலாமா என்று நாக்கு நுனிவரை வந்தது. சொல்லியிருந்தால் அதைவிட அவமானம் அவருக்கு வேறு இல்லை. நீல நிறம் போதும் என்று சொன்னேன்.

எங்கள் ஆட்கள் புது வண்டி எடுத்தால் வீட்டுக்குக் கொண்டுபோகமாட்டார்கள், முதலில் கோயிலுக்குத்தான். கோயில் என்றால் எங்களுக்கு சர்ச். குருவானவரை ஐயர் என்று சொல்வோம். ஐயர் வந்து ஹேண்டிலில் கைவைத்து ஜெபம் பண்ணி, சாவியை வீட்டு ஆம்பளை கையில் கொடுப்பார். அவர் வண்டியைக் கிளப்பிக் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு போவார். இது வழக்கம். வண்டியை ஷோரூம் ஆள் ஓட்டிவந்து கோயில் வேப்பமரத்தடியில் நிறுத்திவிட்டுப் போனார். நாங்கள் ஆட்டோவில் வந்து இறங்கினோம். ஐயர் புதியவர், சமீபத்தில்தான் மாற்றலாகி வந்திருந்தார். எங்கள் வீட்டுக் கதை அவருக்குத் தெரியாது. சொல்லியிருக்க வேண்டும். வீட்டுக்காரர் சொல்வார் என்று நானும் நான் சொல்வேன் என்று அவரும் இருந்துவிட்டோம்.

ஐயர் கண்ணை மூடி நல்ல கனத்த குரலில் ஆரம்பித்தார். "ஆண்டவரே, இந்த வாகனத்தை ஓட்டப்போகிற உமது ஊழியனை உமது சமுகத்தில் வைக்கிறோம். ஹேண்டிலைப் பிடிக்கும் இவருடைய இரண்டு கரங்களையும் பெலப்படுத்தும்."

நான் கண்ணைத் திறந்துவிட்டேன். ஜெபத்துக்கு நடுவே குறுக்கிட்டுப் பேசுகிற வழக்கம் எங்களுக்கு இல்லை. ஐயர் மாற்றிச் சொன்னாலும் கடைசியில் ஆமென் சொல்லிவிட்டுப் போக வேண்டியதுதான். கைகளைப் பற்றி அவர் நீளமாக ஜெபித்தார். நெடும் பிரயாணங்களில் அவை சோர்ந்து போகாதிருக்க, ஆபத்தில் நடுங்காதிருக்க. எனக்கு ஐயர் மேல் கோபம் வந்தது, ஆண்டவர் மேலும் வந்தது, மறைக்க என்ன இருக்கிறது. பக்கத்தில் என் வீட்டுக்காரர் தலை கவிழ்ந்து நின்றார். முடிந்ததும் அவர் சொன்ன ஆமென் தெளிவாகக் கேட்டது. என்னுடையது வெளியே வரவில்லை.

ஐயர் சாவியை நீட்டினார். கோயிலில் எதையும் ஒரு கையால் வாங்கக் கூடாது என்று சின்ன வயதிலிருந்தே பழகியவர் இவர். வலது கையால் இடது கையைத் தூக்கிக் கொண்டுவந்து, இரண்டையும் சேர்த்து நீட்டினார். இடது கை நழுவிக் கீழே தொங்கியது. மறுபடியும் தூக்கினார். அப்போதுதான் ஐயருக்கு விளங்கியது. மனுஷருக்கு முகம் செத்துப்போயிற்று.

"ஓட்டப் போறது அவதான் ஐயா" என்றார் இவர், சாவியை வாங்கிக்கொண்டே. "அவளுக்கும் ஒரு ஜெபம் பண்ணிருங்க."

இரண்டாவது ஜெபம் ரொம்பச் சின்னதாக இருந்தது.

நான் ஏறி உட்கார்ந்தேன். அவர் பின்னால் ஏறினார். உயரம் குறைவான சீட்டு, சிரமப்படவில்லை. இடது கையைச் சும்மா தொங்கவிட்டால் ஆடும் என்பதால் அதைத் தூக்கி என் இடுப்பில் வைத்துக்கொண்டார். மத்தியான வெயிலில் ஒரு ஆம்பளை பெண்சாதி இடுப்பைப் பிடித்துக்கொண்டு பின்னால் போவதைப் பாளையங்கோட்டை பார்க்காமல் இருக்குமா? பார்த்தது. பார்த்துவிட்டுப் போகட்டும்.

கோயில் தெரு முடிகிற இடத்தில் ஒரு வேகத்தடை. நான் வேகத்தைக் குறைத்தேன். அப்போது என் இடுப்பில் இருந்த கை அசைந்தது. ஏதோ சொல்ல வருகிறார் என்று நினைத்து, "என்ன, சொல்லுங்க" என்றேன். "ஒண்ணுமில்ல" என்றார். அடுத்த வேகத்தடைக்குக் கொஞ்சம் முன்னால் மறுபடியும் அந்த விரல்கள் உள்பக்கமாக இழுத்தன. மூன்றாவதிலும் இழுத்தன. அதற்குப் பிறகுதான் எனக்குத் தெரிந்தது, அவர் கிளட்ச் பிடிக்கிறார். தெரிந்து பிடிக்கவில்லை. இந்த வண்டியில் கிளட்ச் கிடையாது என்று அவருக்குத் தெரியும். அந்தக் கைக்குத்தான் தெரியவில்லை. என்னை அலுங்காமல் கொண்டுபோக அது பாட்டுக்கு முயற்சி பண்ணிக்கொண்டிருந்தது. ஹெல்மெட்டுக்குள் நான் அழுதேன். வண்டி ஓட்டிக்கொண்டு கண்ணைத் துடைக்க முடியாது என்பதை அன்றைக்குத்தான் படித்தேன்.

அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் நின்றுவிடும் என்று பயந்தேன். திங்கட்கிழமை முதல் அவரைக் கடையில் இறக்கிவிட்டுத்தான் சீவலப்பேரிக்குப் போவேன். கடைக்கு நேர் ரோடு இருக்கிறது. நான் அதில் போகாமல் பள்ளிக்கூடங்கள் இருக்கிற தெருக்களைச் சுற்றிக்கொண்டு போனேன். அங்கேதான் வேகத்தடைகள் அதிகம். மற்றவர்கள் அது இல்லாத தெருவாகத் தேடுவார்கள். நான் இருக்கிற தெருவாகத் தேடினேன். ஒவ்வொன்றிலும் விரல்கள் இழுத்தன. ஒருநாள் சேலை மடிப்பு கொஞ்சம் கசங்கும் அளவுக்கு இழுத்தன. அன்றைக்கு வகுப்பில் பிள்ளைகளை நான் திட்டவே இல்லை.

இப்போது அடுத்த மழைக்காலமும் முடியப் போகிறது. வண்டியில் ஒரு குறையும் இல்லை. அறுப்பு நேரத்தில் வைக்கோல் மேலும் ஓட்டிவிட்டேன், விழவில்லை. கடைக்கு வருகிறவர்கள் கேட்டால், ஸ்கூட்டரே எடுங்க, அதுதான் வசதி என்று இவரே சொல்கிறாராம். பின்னால் உட்கார்ந்து வரப் பழகிவிட்டார். போகிற வழியில் கடைகளைப் பார்க்கிறார், தெரிந்தவர்களுக்குத் தலையாட்டுகிறார்.

போன வாரம் கேட்டார், "ஏட்டி, நேர் ரோடு இருக்கும்போது தெனமும் எதுக்கு இந்தச் சுத்து சுத்துத?"

"அங்கன ரோட்டத் தோண்டிப் போட்டுருக்கான்" என்றேன்.

"இன்னுமா மூடல?"

"இன்னும் மூடல."

நேற்றும் அந்தப் பள்ளிக்கூடத் தெரு வழியாகத்தான் போனேன். வேகத்தடை தெரிந்ததும் ரொம்ப முன்னாலேயே வேகத்தைக் குறைத்து, அவர் ஓட்டியதுபோலவே உருட்டி ஏற்றிப் பைய இறக்கினேன். அவர் யாரிடமோ, "என்ன அண்ணாச்சி, நல்லா இருக்கேளா?" என்று கேட்டுக்கொண்டு வந்தார். என் இடுப்பில் அந்தக் கை இழுக்காமல், வைத்தது வைத்தபடி இருந்தது.