சாவியை விட நீளமான பெயர்

1. காலை ஏழு மணி

ரேடியோ வழியாகப் புதுச் சாவிகளை அனுப்பிய மறுநாள் காலை, வலையபட்டியிலிருந்து பாண்டியம்மாள் அக்கா போன் செய்தார். அந்த ஊர்த் தண்ணீர்த் தொட்டிக்கு மோட்டார் போடுபவர் அவர்.

"செல்வி, ஒங்க பெட்டி சொன்ன பேச்சக் கேக்கமாட்டேங்குது. தொட்டி காலி. செயலரு வந்து நிக்கிறாக. நான்தான் எதையோ நோண்டிட்டேன்னு சத்தம் போடுறாக. வேற ஆளப் போடப் போறாகளாம்."

காரைக்குடியில் ஆறு பேர் வேலை பார்க்கும் சிறிய கம்பெனி எங்களுடையது. தொலைவிலிருந்து மோட்டாரை இயக்கும் பெட்டிகளைச் செய்து, சாக்கோட்டைப் பக்கம் பத்தொன்பது ஊர்களில் மாட்டியிருந்தோம். அவற்றுக்குள் ஓடும் புரோகிராம் நான் எழுதியது. வெளியாள் யாரும் மோட்டாரை ஓட்டிவிடாதபடி ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு ரகசியச் சாவி உண்டு. சாவி என்றால் பதினாறு பைட் எண், அவ்வளவுதான். அதை அவ்வப்போது மாற்றுவோம். புதுச் சாவியை என்கிரிப்ட் செய்து, அதாவது வேறு யாரும் படிக்க முடியாதபடி பூட்டி, ரேடியோவில் அனுப்புவோம்.

உடனே ஸ்கூட்டரை எடுத்தேன்.

2. மோட்டார் ரூம்

குடங்களோடு பெண்கள் நின்றிருந்தார்கள். முதலில் பெட்டியை விலக்கிவிட்டு மோட்டாரை நேரடியாக ஓடவைத்தேன். தண்ணீர் ஏறும் சத்தம் கேட்டபின் லேப்டாப்பைச் சொருகி, பெட்டியில் பதிவாகியிருந்த குறிப்புகளைப் பார்த்தேன்.

எங்கள் ரேடியோவில் ஒரு செய்திக்கு ஐம்பத்தோரு பைட்டுக்கு மேல் இடமில்லை. என் சாவிச் செய்தி அதைத் தாண்டியதால் இரண்டு துண்டாகப் போயிருந்தது. முதல் துண்டு வந்திருக்கிறது, இரண்டாவது வழியில் தொலைந்திருக்கிறது. முதல் துண்டைப் பார்த்ததுமே பழைய சாவியை அழித்துவிடும்படி நான் எழுதியிருந்தேன். ஆக, பெட்டியிடம் பழையதும் இல்லை, புதியதும் இல்லை.

பஞ்சாயத்துச் செயலர் வாசலிலிருந்தே கேட்டார். "என்னம்மா, கண்டுபிடிச்சிட்டீகளா? இவுக எதத் தொட்டாக?"

நெட்வொர்க் கோளாறு என்று சொல்லித் தப்பியிருக்கலாம். ஆனால் பாண்டியம்மாள் அக்காவின் மேல் விழுந்த சந்தேகம் அப்படியே இருந்திருக்கும். அவர் முகத்தைப் பார்த்தேன்.

"இவுக எதையும் தொடலைங்க. நான் எழுதுனதுலதான் தப்பு."

செயலர் அக்காவை ஒருதரம் திரும்பிப் பார்த்தார். பிறகு, "அப்ப இனிமே ஒழுங்கா எழுதுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அக்கா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "இதுல சாவி எங்குட்டு இருக்கு?"

திரையில் காட்டினேன். அனுப்பிய செய்தியின் கடைசியில் கொஞ்சம் எழுத்துகள்.

"அப்ப முன்னாடி இம்புட்டும் என்ன?"

"பேருக்கா. இது எந்த முறையில பூட்டுனது, எந்தச் சாவி, இதுதான் பூட்டுன சாவின்னு இங்கிலீஷ்ல எழுதியிருக்கேன்."

"சாவிய விடப் பேரு நீளமா இருக்கே! நாங்க வால்வுக்கு வெறும் நம்பர்தான் போட்டுருக்கோம். எது எந்தத் தெருன்னு கதவுல எழுதி ஒட்டியிருக்கு."

கதவைப் பார்த்தேன். மூன்றுக்கு அடுத்து ஐந்து. நாலு எங்கே என்று கேட்டேன்.

"அந்த லைன எடுத்தாச்சு. நாலை வேற தெருவுக்குப் போட்டா, எனக்குப் பதிலா வர்ற ஆளு பழைய நெனப்புல தொறந்துருவாரு. அதனால விட்டுட்டோம்."

3. கம்பெனியில்

வலையபட்டியையும் சேர்த்து ஆறு பெட்டிகள் அன்று இதே நிலையில் இருந்தன. எங்கள் முதலாளி இராமநாதன் சார் இரண்டு ஊர்களுக்குப் போனார், நான் மற்ற மூன்றுக்கும். லேப்டாப்பைச் சொருகி நேரிலேயே சாவியை ஏற்றினோம். திரும்பி வந்ததும் நடந்ததைச் சொன்னேன். ஆரம்பத்திலேயே அவர், "இந்தப் பேருக்கெல்லாம் நம்பர் குடுத்துருங்களேன்" என்றவர். நாளைக்குப் படிக்கிறவர்களுக்குப் புரியாது என்று வாதாடி மறுத்தது நான். அதை அவர் நினைவுபடுத்தவில்லை.

"எத்தன நாள்ல மாத்துவீக?" என்று மட்டும் கேட்டார்.

ஒரு வாரம் ஆனது. பூட்டும் முறைக்கு ஒன்று, சாவியின் அடையாளத்துக்கு இரண்டு, பூட்டிய சாவிக்கு மூன்று என்று ஒவ்வொரு பெயரும் ஒரே பைட்டுக்குள் அடங்கியது. முழுச் செய்தியும் ஒரே துண்டில் போனது. எண்களின் பொருளை ஒரு பட்டியலாக எழுதி எல்லார் கண்ணிலும் படும்படி ஒட்டினேன். கைவிட்ட எண்ணை மறுபடி யாருக்கும் கொடுக்கக் கூடாது என்று அதன் தலையிலேயே எழுதினேன். புதுச் சாவி வேலை செய்வதைச் சோதித்துப் பார்க்கும் வரை பழையதை அழிக்காதபடியும் மாற்றினேன். வேண்டுமென்றே ஆன்டெனாவைக் கழற்றிவிட்டு, பாதியில் மின்சாரத்தை நிறுத்திப் பார்த்தோம். பெட்டி பழைய சாவியோடு சமர்த்தாக இருந்தது.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். சின்னக் கருவிக்கு எழுதும்போது விளக்கத்தைத் தாளில் வையுங்கள், செய்தியில் வைக்காதீர்கள். தவறு உங்களுடையது என்றால், அடுத்தவர் தலை உருளும் முன் சொல்லிவிடுங்கள்.

4. அடுத்த மாற்றம்

அடுத்த தடவை ஒரு முற்பகலில் சாவிகளை மாற்றினோம். பத்தொன்பது பெட்டிகளும் பதில் அனுப்பின. மனசு கேட்காமல் வலையபட்டிக்குப் போன் போட்டேன்.

"அக்கா, மோட்டார் ஓடுதா?"

"ஓடிக்கிட்டு இருக்கே. ஏன், எதுவும் கோளாறா?"

"இல்லக்கா. இப்பத்தான் சாவி மாத்துனோம்."

"எப்ப மாத்துனீக? எனக்கு ஒன்னும் தெரியலையே!"

இத்தனை வருட வேலையில் இதைவிட நல்ல சர்டிபிகேட் எனக்குக் கிடைத்ததில்லை.