நெருப்பு தொடாத மூன்று இனிப்புகள்

வெள்ளிக்கிழமை காலை 6.40. சிறுவாச்சூர் நிறுத்தத்தில் நானும் அக்காவும் பஸ்ஸுக்கு நின்றோம். மற்ற எல்லோரும் பஸ்ஸை விட்டு இறங்கிக்கொண்டிருந்தார்கள். இங்கே காளி கோயில் நடை திங்களும் வெள்ளியும்தான் திறக்கும். ஊறவைத்த பச்சரிசியைக் கோயிலிலேயே உரலில் இடித்து, வெல்லம் சேர்த்து மாவிளக்குப் போடுவது வழக்கம். உலக்கை பிடித்துப் பழகாத வெளியூர்க்காரர்களுக்கு மாவு இடித்துக் கொடுப்பது அக்காவின் பிழைப்பு. வாரத்தில் இரண்டே நாள் வேலை. அதில் ஒரு நாளை விட்டுவிட்டுத்தான் அரியலூருக்குக் கிளம்பியிருந்தோம்.

அங்கே ஒரு மழலையர் பள்ளியில் பிள்ளைகளுக்குத் தின்பண்டம் செய்து தர ஆள் தேடினார்கள். மாதச் சம்பளம். அக்காவின் போனுக்கு வந்த செய்தியை முந்தின நாள் மாலை நான்தான் படித்துச் சொன்னேன்: “நெருப்பில்லாமல் மூன்று இனிப்புகள் செய்து காட்டவும். பொருள்களை நீங்களே கொண்டுவரவும். நேரம் காலை 11 வரை.”

எங்கள் வீட்டிலிருந்து கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். வேதியியல். ஒரு வரியைப் படித்தால் முழுதாகப் படிக்க வேண்டும் என்று நினைப்பவன். நெருப்பில்லாமல் என்றால் நெருப்பில்லாமல்தான். அக்கா கட்டி வைத்திருந்த பையைப் பிரித்தேன். பொட்டுக்கடலை வறுத்தது, வெளியே வைத்தேன். அவலும் வறுத்து இடித்ததுதான். வெல்லம் கொப்பரையில் காய்ச்சியது, நெய் உருக்கியது.

“அப்ப என்னத்தத்தான்டா எடுத்துட்டுப் போறது?” என்றாள் அக்கா.

மிஞ்சியவை இவை: அவளே இடித்துச் சலித்த ஈர அரிசிமாவு, ஒரு தேங்காய், பேரீச்சம்பழம், ஒரு சிறு பாட்டில் தேன், நாலு ஏலக்காய். ஏலக்காயைச் சூட்டறையில் உலர்த்துவார்கள் என்று எங்கோ படித்த நினைவு. உறுதியாகத் தெரியாததால் விட்டுவைத்தேன்.

7.25. பெரம்பலூர் புதிய பேருந்து நிலையம். சிறுவாச்சூரிலிருந்து எட்டு கிலோமீட்டர். டவுன் பஸ்ஸில் அக்காவுக்குக் கட்டணமில்லை. அங்கிருந்து அரியலூர் முப்பது கிலோமீட்டர் சொச்சம், தனியார் பஸ்ஸில் ஆளுக்கு இருபத்தைந்து ரூபாய். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா பையை எட்டிப் பார்த்து விசாரித்தார். சொன்னேன்.

“சக்கரை சேத்துக்க வேண்டியதுதான தம்பி?”

“அதையும் காய்ச்சித்தாங்க எடுக்குறாங்க.”

“அப்ப உப்பு?”

“அது வெயில்ல காயுறதுங்க.”

“வெயிலு நெருப்பு இல்லியா? அரியலூர்ல எறங்கி நின்னு பாரு, அப்பறஞ் சொல்லு.”

அக்கா சிரித்தாள். எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. பேரீச்சம்பழமும் வெயிலில் காய்ந்ததுதானே? பேரளி தாண்டும் வரை அதையே யோசித்துக்கொண்டிருந்தேன்.

8.50. அரியலூர். ஆட்டோ அறுபது ரூபாய். பள்ளியில் எங்களுக்கு முன்பே ஒரு பெண் வந்து, பிஸ்கட்டை நொறுக்கிக் கெட்டிப்பாலில் பிசைந்து உருட்டிக்கொண்டிருந்தார். பாவம், செய்தியைச் சரியாகப் படிக்காமல் வந்துவிட்டார் என்று நினைத்தேன். பொறுப்பாளர் மேடம் வந்ததும் பணிவாகவே சொன்னேன்.

“மேடம், பிஸ்கட்டு அடுப்புல சுட்டதுங்களே.”

மேடம் என்னை மேலும் கீழும் பார்த்தார். “தம்பி, கட்டடத்துக்காரரு சிலிண்டர் வைக்க வுட மாட்டேங்கிறாரு. இங்க அடுப்பு இல்ல, அவ்வளவுதான். வெளில எது வெந்தா எனக்கென்ன?”

“நல்லா வந்து சேந்தாரு படிச்சவரு,” என்றார் பிஸ்கட் பெண், உருண்டையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அக்கா பையைத் திறந்து பார்த்தாள், மூடினாள். பிறகு சொன்னாள்: “ஓடு. வெல்லம் அரைக் கிலோ, பொட்டுக்கடலை கால் கிலோ, நாட்டுச் சக்கரை, சின்ன நெய் பாக்கெட்டு. யோசிக்காம வாங்கிட்டு வா.”

ஓடினேன். எந்தத் தெருவில் திரும்பினேன் என்று இப்போதும் சொல்லத் தெரியாது. சிமெண்ட் லாரிகள் போன வழியெல்லாம் இலைகள்கூட வெளுத்திருந்தன. கடைக்காரர் “உருண்டை வெல்லமா, அச்சு வெல்லமா?” என்று கேட்டதற்கு விழித்தேன். இரண்டிலும் கால் கிலோ வாங்கினேன்.

திரும்பியபோது மணி பத்து. பேரீச்சம்பழ உருண்டை முடிந்திருந்தது. கொட்டை நீக்கி, கையாலேயே பிசைந்து, தேங்காய்த் துருவலில் புரட்டியிருந்தாள். பள்ளியில் மிக்சி இருந்தது. பொட்டுக்கடலையையும் நாட்டுச் சர்க்கரையையும் பொடித்து நெய் விட்டுப் பிடித்தாள். உருக்கத் தேவையே இல்லை. அரியலூர் வெயிலில் நெய் பாக்கெட்டிலேயே உருகிக் கிடந்தது. பஸ்ஸில் வந்த அம்மா சொன்னது சரிதானோ என்னவோ. கடைசியாக அரிசிமாவு. மூன்று பங்கு ஈரமாவுக்கு இரண்டு பங்கு பொடித்த வெல்லம், ஏலக்காய், கொஞ்சம் தேங்காய். தண்ணீர் சேர்க்கவில்லை, வெல்லம் இளகியே மாவு சேர்ந்து வந்தது.

தட்டில் வைத்ததும் பள்ளியின் ஆயாம்மா முகம் மாறியது. “இது மாவெளக்கு மாவுல்ல? சாமிக்கு ஏத்தாம பிள்ளைவளுக்கு எப்புடிக் குடுக்குறது?”

எடுக்கப் போன மேடத்தின் கையும் நின்றது. நான் வாயைத் திறந்தேன். எனக்கே அது சரியா தப்பா என்று புரியவில்லை. அக்காவின் வேலை அந்தத் தட்டில் நின்றுகொண்டிருந்தது.

அக்கா ஓர் உருண்டையை எடுத்துக் காட்டினாள். “நடுவுல குழி வச்சு, நெய் ஊத்தி, திரி போட்டாத்தாங்க வெளக்கு. குழி வைக்காட்டி இது வெறும் உருண்டை.”

ஆயாம்மா உருண்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். குழி இல்லை. கன்னத்தில் லேசாகப் போட்டுக்கொண்டு வாயில் போட்டார். அப்புறம்தான் மேடமும் எடுத்தார்.

“பிஸ்கட்ட பிள்ளைங்க வூட்லயே திங்குதுங்க,” என்றார் மேடம். “இது நல்லாருக்கு. ஆனா தெனம் மாவு இடிக்கணுமேம்மா?”

“இடிச்சுக்கிட்டுத்தானங்க இருக்கேன்.”

“அப்ப ஒண்ணாந்தேதிலேர்ந்து வாங்க.”

பகல் 12.15. பெரம்பலூர் பஸ். வேலை விவரம் அச்சடித்த தாள் ஒன்றை மேடம் கொடுத்திருந்தார். படித்துச் சொல்லக் கையை நீட்டினேன். அக்கா என்னைத் தாண்டி முன்சீட்டுப் பெண்ணிடம் நீட்டினாள். “பாப்பா, இதுல என்ன போட்டுருக்குன்னு கொஞ்சம் படிச்சுச் சொல்லும்மா.”

அந்தப் பெண் படித்தாள்: “காலை ஒன்பது மணிக்கு வர வேண்டும். தலையில் வலை கட்ட வேண்டும். சூடான பொருள் எதையும் உள்ளே கொண்டுவரக் கூடாது.”

நான் வாயைத் திறந்தேன்.

“நீ வெளியில பாரு,” என்றாள் அக்கா.

பார்த்தேன். வெளுத்த மரங்கள் போய் மக்காச்சோளக் கொல்லைகள் வந்துவிட்டிருந்தன. அரியலூர் மாவட்டம் எங்கே முடிந்தது, எங்கள் மாவட்டம் எங்கே தொடங்கியது, கவனிக்கவில்லை. சூடான பொருள் என்றால் அதில் டீயும் சேருமா என்று மட்டும் கேட்க வேண்டும் போலிருந்தது. கேட்கவில்லை.