எந்த நம்பருக்குக் கூப்பிட்டீங்க?

அந்த அட்டைப்பெட்டி கம்பெனியில் ஆடிட்டருக்கு 'நோண்டி' என்று பெயர். வைத்தவர்கள் மேல் தப்பில்லை. ஒரு தாளைக் கையில் கொடுத்தால், அது எங்கிருந்து வந்தது, யார் கொடுத்தது, அவர் அவர்தான் என்று எப்படித் தெரியும் என்று உண்டு இல்லை என்று பண்ணிவிடுவார். வீட்டிலும் இதே கதைதான். "கல்யாணத்துக்கு முன்னாடி என்னையும் இப்படித்தான் விசாரிச்சீங்களா?" என்று மனைவி கேட்பாள். ஆமாம் என்று சொல்ல அவருக்குத் தைரியம் வந்ததில்லை.

அன்றைக்கு அவர் உள்ளே நுழையும்போதே முதலாளி குதித்துக்கொண்டிருந்தார். கணக்குப் பார்க்கும் அக்கா சுவரோரம் நின்று அழுதுகொண்டிருந்தாள். பதினாறு வருஷமாக அங்கே வேலை பார்ப்பவள். காகிதம் சப்ளை செய்பவரின் பேங்க் அக்கவுண்ட் மாறிவிட்டது என்று முதலாளியின் மெயிலிலிருந்து தகவல் வந்ததாம். மாற்றி, பணத்தையும் அனுப்பிவிட்டாள். இப்போது சப்ளையர், ஒரு பைசா வரவில்லை என்கிறார்.

"நான் மெயிலே அனுப்பல. இவதான் யாரோடவோ கூட்டு சேர்ந்து செஞ்சிருக்கா. சாயந்திரம் போலீஸ்ல கொடுக்கப்போறேன். நீங்களும் அப்படியே எழுதிக் கொடுங்க" என்றார் முதலாளி.

"நான் சப்ளையருக்குப் போன் பண்ணிக் கேட்டேன் சார். ஆமான்னுதான் சொன்னாங்க" என்றாள் அக்கா.

"எந்த நம்பருக்கும்மா கூப்பிட்டீங்க?" என்று கேட்டார் நோண்டி.

"அந்த மெயில்லயே இருந்துச்சே, அதுக்குத்தான்."

அடக் கடவுளே! திருடனிடமே போய் நீ திருடனா என்று கேட்டிருக்கிறாள். பழைய பில்லில் இருந்த நம்பரைப் போட்டிருந்தால் ஒரே நிமிஷத்தில் குட்டு வெளிப்பட்டிருக்கும்.

நோண்டி முதலாளியின் மெயிலைத் திறக்கச் சொன்னார். யார், எப்போது, எங்கிருந்து நுழைந்தார்கள் என்ற பட்டியல் அதற்குள்ளேயே இருக்கும், யார் பார்க்கிறார்கள்! அந்தத் தகவல் போன நேரத்தில் முதலாளி இதே நாற்காலியில்தான் இருந்தார். மெயிலோ வேறொரு நாட்டில் திறந்திருந்தது. சப்ளையரின் நிஜ மெயில்கள் முதலாளி கண்ணில் படாமல் ஒதுங்கும்படி, நுழைந்தவர்கள் ஏற்பாடும் செய்துவைத்திருந்தார்கள்.

"பாஸ்வேர்டை எங்கயாவது கொடுத்தீங்களா சார்?"

முதலாளியின் குரல் இறங்கிவிட்டது. "மெயில் நிரம்பிடுச்சு, பாஸ்வேர்டைப் போடுங்கன்னு ஒண்ணு வந்துச்சு... அதுல போட்டேன்."

அக்கா அழுகையை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தாள். பாவம், அவளுக்குத் திட்டக்கூடத் தெரியவில்லை.

அறிக்கை எழுத உட்கார்ந்து போன வருஷத்து அறிக்கையைப் புரட்டியபோது நோண்டிக்குச் சுருக்கென்றது. 'அக்கவுண்ட் மாற்றம்: போனில் சரிபார்க்கிறார்கள், திருப்தி.' கீழே அவர் கையெழுத்து. ஊரையே குடைகிற மனுஷன், எந்த நம்பருக்கு என்று அன்றைக்குக் கேட்கவில்லை. வெட்கமாகப் போய்விட்டது. அதையும் எழுதினார்.

முதலாளி படித்துவிட்டு நிமிர்ந்தார். "உங்க தப்பையும் எழுதியிருக்கீங்களே! கம்பெனியோட மத்த பார்ட்னருங்க பார்த்தா அடுத்த வருஷம் உங்கள ஆடிட்டரா வைக்க விடுவாங்களா? அந்த வரிய எடுத்துடுங்க. சரியா விசாரிக்கத் தெரியலைன்னு சொல்லி அவள மட்டும் வேலைய விட்டு அனுப்பிடறேன்."

"வரி இருக்கட்டும் சார். என்னை வேணா வைக்காதீங்க. அவங்கள வைங்க."