விபோர்க் விறகடுப்பும் என் கெட்டித்தனமும்

டென்மார்க்கின் யூலண்ட் பக்கம் ஒரு பழைய வீட்டைக் குளிர்கால விடுமுறைக்கு எடுத்திருக்கிறோம், அங்கே விறகடுப்புத்தானாம், எப்படிச் சமாளிப்பது என்று இரண்டு மூன்று பேர் கேட்டு எழுதியிருந்தீர்கள். இதற்குப் பதில் சொல்ல என்னைவிடத் தகுதியான ஆள் கிடையாது. அந்த அடுப்பில் செய்யக்கூடாத அத்தனையையும் நான் செய்து முடித்திருக்கிறேன்.

அது 1986 மாசி மாதம். நான் டென்மார்க்குக்கு வந்து ஒன்றரை வருடம். கோபன்ஹேகனுக்குப் பக்கத்தில் ஹ்விடோவ்ரேயில் மூன்றாம் மாடியில் இருந்தேன். சுவரோரம் இருக்கும் ஹீட்டரின் குமிழைத் திருகினால் சூடு வரும், அவ்வளவுதான் எனக்குத் தெரிந்த டேனிஷ் குளிர்காலம். என் தங்கை ஜெயாவும் கணவர் நேசனும் விபோர்க்கிலிருந்து பதினொரு கிலோமீற்றர் தள்ளி ஒரு பழைய பண்ணை வீட்டில் வாடகைக்கு இருந்தார்கள். ஜெயாவுக்கு நாள் ஆக ஐந்து கிழமை இருக்கும்போதே பெண் பிள்ளை பிறந்துவிட்டது, தாயும் பிள்ளையும் விபோர்க் ஆஸ்பத்திரியில். பிள்ளை தேறிவிட்டது, நிறையும் ஏறிவிட்டது. ஆனால் கொம்யூனிலிருந்து, அதாவது ஊர் நகரசபையிலிருந்து, வந்த தாதி வீட்டைப் பார்த்துவிட்டு, உள்ளே இருபது பாகை சூடு வந்தால்தான் பிள்ளையை இங்கே கொண்டுவரலாம், புதன்கிழமை திரும்ப வந்து பார்ப்பேன் என்று சொல்லிவிட்டாராம். அன்றைக்கு வீட்டுக்குள் பதினாலு பாகை. நேசன் தொலைபேசியில் இதைச் சொன்ன உடனேயே நான் பெட்டி கட்டினேன்.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கோபன்ஹேகனில் ரயில் ஏறினேன். ரிக்கற் நூற்றைம்பது குரோனருக்குக் கொஞ்சம் கூட. அப்போது பாலம் இல்லை. கோர்சோரில் ரயிலை அப்படியே கப்பலுக்குள் தள்ளிவிடுவார்கள், அக்கரை போக ஒரு மணித்தியாலம். கடலில் பனிக்கட்டி மிதந்தது. கப்பலின் அடிப்பக்கம் அதில் உரசிய சத்தம் கேட்டுப் பக்கத்தில் இருந்த கிழவர் சிரித்தார், நான் சிரிக்கவில்லை. வழியில் ஒருதரம் ரயில் மாறி, விபோர்க்கில் இறங்க மூன்றே முக்கால். பிறகு பஸ்ஸில் இருபத்தைந்து நிமிடம். பஸ் சாரதி என் சேலையையும் சப்பாத்தையும் பார்த்துவிட்டு, நிறுத்தத்தில் விடாமல் வீட்டு ஒழுங்கை முகப்பிலேயே இறக்கிவிட்டார். நல்லா இருக்கவேணும் அந்த மனுசன்.

வீட்டுக்குள் கறுப்பு இரும்பு அடுப்பு, சின்ன அலுமாரியளவு, முன்னுக்கு ஒரு கதவு. நேசன் கோட்டோடும் தொப்பியோடும் அதற்கு முன்னால் குந்தியிருந்து விறகை ஒரு சாணுக்குச் சற்றுக் கூட வெட்டிக்கொண்டிருந்தார்.

"ஏன் இதைக் கிடந்து அரியிறீர்?" என்று கேட்டேன்.

"நீளமாய் வைச்சால் கதவு பூட்டேலாது அக்கா."

"கதவை ஏன் பூட்டுவான்? கொள்ளியை வெளியால விட்டு, எரிய எரிய உள்ளுக்குத் தள்ளவேண்டியதுதானே. நீர் வேலையைப் பாரும். அடுப்பு எனக்குத் தெரியாததே?"

பாவம், அவர் எழும்பி இடம் விட்டார். பதின்மூன்று வயதிலிருந்து பனைமட்டையிலும் பூவரசம் விறகிலும் சமைத்தவளுக்கு யார் அடுப்புப் படிப்பிப்பது? ஞாயிறு விடியவே சாம்பலை ஒரு துளி இல்லாமல் அள்ளி எறிந்து, அடுப்பைத் துடைத்துச் சுத்தமாக்கினேன். நீட்டு விறகை வைத்து, கதவைத் திறந்தபடி விட்டு, கொள்ளியைத் தள்ளித் தள்ளி எரித்தேன். நெருப்பு என்னவோ அழகாகத்தான் எரிந்தது. முகம் சுட்டது, முதுகு விறைத்தது. நேசன் கோழித் தொழிற்சாலையிலிருந்து வந்து சுவரில் தொங்கிய வெப்பமானியைப் பார்ப்பார், என்னைப் பார்ப்பார், தேத்தண்ணி ஊற்றப் போய்விடுவார். திங்கள் பதின்மூன்று. செவ்வாய் பன்னிரண்டு. நான் விறகைக் குறை சொன்னேன், குளிரைக் குறை சொன்னேன், வீடு கட்டினவனையும் விடவில்லை.

புதன் காலை தாதி வந்தார். பன்னிரண்டு பாகை. வீடு முழுக்கப் புகை மணம். அவர் கோபப்படவில்லை, அதுதான் இன்னும் வெட்கமாக இருந்தது. "வெள்ளிக்கிழமை இன்னொரு தடவை வருகிறேன். அன்றைக்கும் சரிவராவிட்டால் வேறு ஏற்பாடு யோசிக்கவேண்டும்" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனார். வேறு ஏற்பாடு என்றால் பிள்ளையை இன்னும் எத்தனை கிழமை ஆஸ்பத்திரியிலேயே வைத்திருப்பார்களோ. பத்தாததற்கு ஜெயா தொலைபேசி எடுத்து, "அக்கா வந்திட்டாய்தானே, இனி எனக்குப் பயமில்லை" என்றாள்.

தொலைபேசியை வைத்துவிட்டு நேசனின் பூட்ஸைப் போட்டுக்கொண்டு அறுநூறு மீற்றர் தள்ளியிருந்த அயல் வீட்டுக்கு நடந்தேன். அங்கே பன்றிப் பண்ணை நடத்தும் கியஸ்டன் என்ற பெண், என் வயதுதான் இருக்கும். அவள் ஒருநாளும் எங்கள் வீட்டுக்கு வந்ததில்லை, நாங்களும் போனதில்லை. எனக்குத் தெரிந்த டேனிஷை எல்லாம் கூட்டி அள்ளி, குழந்தை, குளிர், அடுப்பு, உதவி என்று சொன்னேன்.

"நாலு மாதமாக என் குசினி ஜன்னலால் உங்கள் புகையைப் பார்க்கிறேன். இந்தக் கிழமை இன்னும் மோசம்" என்றாள் அவள்.

"பிறகேன் வந்து சொல்லவில்லை?"

"நீங்கள் கேட்கவில்லையே."

எனக்கு உடனே கோபம்தான் வந்தது. கேட்காமல் அடுத்தவர் வீட்டு விஷயத்தில் தலையிடக்கூடாது என்பது இவர்கள் மரியாதை என்று விளங்கப் பிறகு கனகாலம் எடுத்தது. கேட்டபிறகு அவள் ஒரு நிமிடமும் யோசிக்கவில்லை. பனியில் இழுக்கும் சறுக்குவண்டி நிறையத் தன் விறகை ஏற்றிக்கொண்டு என்னோடு வந்தாள்.

முதலில் எங்கள் விறகில் இரண்டை எடுத்து ஒன்றோடொன்று தட்டினாள். தொம் என்றது. தன் விறகைத் தட்டினாள், கணீர் என்றது. அவளுடையது பிளந்து, கூரைக்குக் கீழே காற்றுப்பட இரண்டு கோடை காய்ந்தது. எங்களுடையது பொலித்தீனால் மூடி ஈரம் காத்தது. துடைத்து வைத்த அடுப்பைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு, நான் எறிந்த சாம்பலில் இரண்டு விரல் தடிப்புக்கு அள்ளிவந்து திரும்பப் போட்டாள். சாம்பல் மெத்தையில்தான் தணல் நிற்குமாம். சிராய் வைத்துப் பற்றவைத்து, காற்று வரும் வாயை முழுக்கத் திறந்து, சுவாலை நன்றாகப் பிடித்ததும் மணிக்கட்டுத் தடிப்பில் மூன்றே மூன்று துண்டு வைத்தாள். கதவைச் சாத்தினாள். பிறகு காற்றைப் பாதியாகக் குறைத்தாள்.

"இனி வெளியே வா" என்றாள்.

வெளியே நின்று புகைபோக்கியைக் காட்டினாள். புகையே இல்லை, மேலே காற்று மட்டும் நடுங்கியது. "புகை தெரிந்தால் விறகு வீணாகிறது. கதவு திறந்திருந்தால் சூடு முழுக்க இதாலேதான் போகும். நீ நாலு நாளாக வானத்தைச் சூடாக்கியிருக்கிறாய்" என்றாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இரண்டையும் செய்தேன்.

வியாழன் மாலை பதினெட்டு. பாவிக்காத அறைகளைச் சாத்தி, ஜன்னலுக்குக் கம்பளி கட்டி, தணல் சிவக்கச் சிவக்க மும்மூன்று துண்டாக வைத்துக்கொண்டே இருந்தேன். வெள்ளி காலை பத்து மணிக்குத் தாதி வந்தபோது இருபத்தொன்று. மூன்று மணிக்கு நேசன் கூட்டாளியின் காரில் ஜெயாவையும் பிள்ளையையும் கொண்டுவந்தார். ஜெயா பிள்ளையை என் கையில் தந்துவிட்டு, கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். அந்த வீட்டுக்கு வந்து நாலு மாதத்தில் அவள் உள்ளே கோட்டைக் கழற்றியது அன்றைக்குத்தான்.

இன்று பாலத்தால் நாலு மணித்தியாலத்துக்குள் விபோர்க் போய்விடலாம். போகிறவர்கள் இதை மட்டும் மனதில் வையுங்கள். விறகு வாங்கும்போது தட்டிப் பாருங்கள், எரிப்பதற்கு ஒரு நாள் முந்தியே வீட்டுக்குள் எடுத்து வையுங்கள். பழைய சுவர் சூடேற ஒன்றரை நாள் பிடிக்கும், அதனால் முதல் இரவுக்குத் தடித்த போர்வை கொண்டுபோங்கள். தணல் இருக்கும்போது காற்றை முழுதாக அடைத்துவிட்டுப் படுக்காதீர்கள், அது உயிருக்கு ஆபத்து. பற்றவைத்துக் கால் மணித்தியாலத்தில் வெளியே போய்ப் புகையைப் பாருங்கள்.

முக்கியமாக, முதல் நாளே அயல்வீட்டில் போய்க் கேளுங்கள். கியஸ்டனுக்கு நான் எத்தனை நன்றி சொன்னாலும் போதாது. அவள் வீடு அறுநூறு மீற்றர். எனக்கு அந்தத் தூரம் நடக்க நாலு நாள் எடுத்தது. ஞாயிற்றுக்கிழமையே போயிருந்தால் பிள்ளை புதன்கிழமையே வீட்டுக்கு வந்திருக்கும். அந்த இரண்டு நாளையும் ஜெயா இன்றுவரை ஒருதரமும் எனக்குச் சொல்லிக் காட்டியதில்லை.