நாய்க்கு மருந்து போட்டால்தான் முடிவெட்டு

யாங் மால்சூனின் முடிதிருத்தும் கடையும் என் விதைக்கடையும் ஒரே சுவரைப் பங்குபோட்டு இருபத்தாறு வருஷம் ஆகிறது. அவள் முடி உலர்த்தும் மெஷினைப் போட்டால் என் கடை விளக்கு மங்கும். எங்கள் ஜிந்தோ தீவில் வீட்டுக்கு ஒரு நாய் உண்டு. நாய் இல்லாத வீட்டுக்காரரை ஏதோ சண்டையில் இருப்பவரைப் பார்ப்பதுபோல் பார்ப்போம்.

மால்சூன் என்றால் கடைசிப் பெண் என்று அர்த்தம். ஐந்தாவதும் பெண்ணாய்ப் பிறந்தபோது, இத்தோடு போதும் என்று அவள் அப்பா வைத்த பெயர் அது. அதற்குப் பிறகும் அந்த வீட்டில் இரண்டு பெண்கள் பிறந்தார்கள். "என் பேரு ஒரு நாளும் வேலை செஞ்சதில்ல, அதான் நான் ரெண்டு ஆள் வேலை செய்றேன்" என்பாள்.

சுருள்முடி வைத்துக்கொள்ள வரும் பெண்கள் தலை முழுக்கச் சுருட்டிகளோடு ஒரு மணி நேரம் உட்கார வேண்டும். கூடவே வரும் நாய்கள் காலடியில் படுத்துக் கிடக்கும். மால்சூனின் கை சும்மா இருக்காது. குந்தி உட்கார்ந்து, மனுஷத் தலையை வகிர்வதுபோலவே நாயின் முடியையும் வகிர்ந்து பார்ப்பாள். ரத்தம் குடித்து உப்பிய உண்ணி கிடைத்தால் பிடுங்கி, இரண்டு கட்டைவிரல் நகத்துக்கு நடுவில் வைத்து நசுக்குவாள். அந்தச் சத்தம் என் கடைவரை கேட்காவிட்டாலும், "ஒழிஞ்சது!" என்று அவள் சொல்வது கேட்கும்.

ஆறு வருஷத்துக்கு முன்னால், மே மாதம், அவளுக்குக் காய்ச்சல் வந்தது. ஜலதோஷம் என்று இரண்டு நாள் மாத்திரை போட்டுக்கொண்டு வேலை பார்த்தாள். மூன்றாம் நாள் தலை அலசும் தொட்டிக்குப் பக்கத்தில் விழுந்து கிடந்ததை நான்தான் பார்த்தேன். மொக்போ நகரத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம், அங்கிருந்து குவாங்ஜுவில் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் மளமளவென்று இறங்கிக்கொண்டிருந்தன. டாக்டர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "இவங்க உண்ணி ஏதாவது தொட்டாங்களா?" என்பதுதான். நான் என் இரண்டு கட்டைவிரல் நகத்தையும் சேர்த்து அழுத்திக் காட்டினேன்.

உண்ணியால் வரும் காய்ச்சல் அது. அதற்கென்று தனி மருந்து இல்லை, உடம்புதான் போராட வேண்டும் என்றார்கள். கடித்ததால் வந்ததா, நசுக்கியதால் வந்ததா என்று டாக்டரும் அறுதியிட்டுச் சொல்லவில்லை. பதினோரு நாள் தீவிர சிகிச்சையில் கிடந்தாள். கடற்பாசிப் பண்ணையில் வேலை செய்யும் அவள் கணவர் ரப்பர் காலணியைக்கூடக் கழற்றாமல் வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். கண் விழித்ததும் அவள் அவரைத்தான் கூப்பிட்டாள். குனிந்தார்.

"கம்ஜாவ யாரும் திட்டாதீங்க. அது மேல தப்பில்ல. என் நகத்து மேலதான் தப்பு."

கம்ஜா அவளுடைய பெட்டை நாய். அவர் அப்போதுதான் முதல்முறையாக அழுதார்.

திரும்பி வந்த மால்சூன் நகத்தை ஒட்ட வெட்டினாள். கூர்முனைச் சாமணம் ஒன்று வாங்கினாள். கையுறை போட்டு, தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல் நேராக இழுத்து, சாராயப் புட்டியில் போட்டு மூடுவாள். வந்தபிறகு பிடுங்குவதைவிட வராமல் தடுப்பதுதான் முக்கியம் என்று ஒவ்வொரு தலைக்கும் ஓதினாள். கண்ணாடி ஓரத்தில் மாட்டிய நாட்காட்டியில் ஊர் நாய்களின் பெயரெல்லாம், மாதாமாதம் உண்ணி மாத்திரை கொடுக்க வேண்டிய தேதியோடு ஏறின. மாதம் பிறந்தால் கடைவாசலில் நின்று, "உங்க வீட்டுப் பயலுக்கு மாத்திரை குடுத்தாச்சா?" என்று கத்துவாள். புதிதாகக் குடிவந்த வாத்தியார் ஒருவர் தன் மகனைத்தான் கேட்கிறாள் என்று நினைத்து, அவனுக்கு உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது என்று பதில் சொன்னார்.

ஊரே வழிக்கு வந்தது, குவாக் மான்ஷிக்கைத் தவிர. வெங்காயத்தாள் பயிரிடும் மனிதர், எழுபதைத் தொட்டவர். அவருடைய வெள்ளை நாய் ஜாங்குன், மலையில் காட்டுப்பன்றியை மோப்பம் பிடிப்பதில் கெட்டி. மருந்து கொடுத்தால் மூக்கு மழுங்கிவிடும் என்பது அவர் கட்சி. ஒரு ஜூன் மாதம் என் கடைக்கு வந்து, "இன்சுக், வெங்காயத்துக்கு அடிக்கிற பூச்சிமருந்து ஒரு புட்டி குடு. கொஞ்சமா தண்ணியில கலக்கி ஜாங்குன் முதுகுல தடவப்போறேன்" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் சுவருக்கு அந்தப்பக்கம் சீப்பு விழுந்த சத்தம் கேட்டது. மால்சூன் வந்து நின்றாள்.

"அண்ணே, உங்களுக்குப் புத்தி கெட்டுப்போச்சா? அது நக்குச்சுன்னா செத்துப்போகும்!"

"பயிரு சாகல, நாய் சாகுமா?"

"பயிரு முதுக நக்குமா? கால்நடை டாக்டர்கிட்ட எடை போட்டு மாத்திரை வாங்குங்க."

"மூக்கு போயிடும் தங்கச்சி."

"சரி. அதுக்கு மருந்து போடுற வரைக்கும் உங்க தலையில என் கத்தரி படாது. இன்சுக், நீதான் சாட்சி."

மான்ஷிக்கின் பின்மண்டையில் இரண்டு சுழி. அதை அடக்க மால்சூன் கைக்கு மட்டும்தான் தெரியும். ஒரு மாதம் வீம்பாக இருந்தார். பிறகு பெரிய ஊரில் போய் வெட்டிக்கொண்டு வந்தார். அறுவடையில் எலி புகுந்த வயல் மாதிரி இருந்தது. தொப்பியோடு திரிந்தார். மறுபடி அந்தக் கடைக்குப் போகவில்லை; செப்டம்பரில் முடி காதை மூடியது. வெங்காய வயலில் பெண்கள், "பாடகர் வந்துட்டார், ஒரு பாட்டு பாடுங்க" என்று கலாய்த்தார்கள். அக்டோபரில் மகள் கல்யாணம். அவள் தொலைபேசியில், "அப்பா, இந்தத் தலையோட போட்டோவுல நிக்காதீங்க, சொல்லிட்டேன்" என்று சொல்லிவிட்டாள்.

கல்யாணத்துக்கு நான்கு நாள் முன்னால் மால்சூன் கடைக்குப் பின்வாசல் வழியாக வந்தார், கயிற்றில் ஜாங்குனோடு. மால்சூன் அவரைப் பார்க்கவே இல்லை. நாயைத் துண்டின்மேல் படுக்கவைத்து, காதுக்குள், கழுத்துப்பட்டைக்கு அடியில், கால் விரல் இடுக்கில், அக்குளில் தேடினாள். ஒன்பது உண்ணிகள். ஒன்று கண்ணிமை ஓரத்தில். மான்ஷிக் தரையில் உட்கார்ந்து நாயின் தலையை மடியில் வைத்துக்கொண்டார்.

"இவ்வளவு நாளா இவன் உடம்புலயா இருந்துச்சு? தினமும் தடவிக்கொடுக்கிறேனே..." நாயின் காதை நீவினார். "வலிக்குமா அவனுக்கு?"

"வலிக்கும்னு உங்களுக்கு இப்பவாவது தெரிஞ்சா நல்லது" என்றாள். பிறகு மனம் இளகி, "அசையாம பிடிச்சுக்கோங்க அண்ணே. நல்ல பையன், பாருங்க, முனகவே இல்ல" என்றாள்.

அன்றே கால்நடை டாக்டரிடம் எடை போட்டார்கள். மாத்திரையை ஜாங்குன் மூன்றுமுறை துப்பினான். நான்காம் முறை மான்ஷிக் பன்றிக்கறித் துண்டுக்குள் வைத்து, இன்னொரு துண்டைத் தான் மென்று காட்டினார். விழுங்கிவிட்டான். அதன்பிறகுதான் கத்தரி எடுத்தாள். ஒரு மணி நேரம் வெட்டினாள். சுழி இரண்டும் இருந்த இடம் தெரியவில்லை.

கல்யாணம் முடிந்து வந்தவர் ஜாங்குனின் மூக்கைச் சோதித்தார். உலர்ந்த மீனைத் துணியில் சுற்றி, உரமூட்டைக்கு அடியில் புதைத்துவைத்தார். அவர் வீட்டுக்குள் போய்க் கைகழுவி வருவதற்குள் ஜாங்குன் துணியோடு தின்று முடித்திருந்தான். இதைச் சொல்ல ஓட்டமாய் வந்தவர், கடை நிறையப் பெண்களைக் கண்டதும், "மூக்கு பரவால்ல" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

இந்த வசந்தத்தில் ஒரு காலை, கடைக்குப் பின்னால் புல்வெட்டி இரைந்தது. போய்ப் பார்த்தோம். யாரும் கேட்காமலே, கம்ஜா புரளும் காலிமனையில் உண்ணி ஒளியும் முழங்கால் உயரப் புல்லை மான்ஷிக் வெட்டிக்கொண்டிருந்தார். மால்சூன் இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"அண்ணே! பேண்ட்ட காலுறைக்குள்ள சொருகுங்க! உண்ணி நாய மட்டும்தான் கடிக்கும்னு நெனப்பா?"

"சத்தத்துல கேக்கல!" என்றார் அவர். ஆனால் மெஷினை நிறுத்திவிட்டுக் குனிந்து சொருகினார்.