பட்டறையோடு வந்த பதவி

நாங்கள் அந்தப் பட்டறையை வாங்கியபோது என் மகள் ஏழாம் வகுப்பில் இருந்தாள். அதுவரை மான்மவுத் ஜங்ஷனில் ஒரு டவுன்ஹவுஸில் குடியிருந்தோம். என் கணவர் ஒரு பெரிய கம்பெனியில் மெக்கானிக்கல் இன்ஜினியராக இருந்தார். கோயம்புத்தூரில் லேத் சத்தத்துக்கு நடுவே வளர்ந்தவர். நாலு பேர் சேர்ந்து எதைப் பேசிக்கொண்டிருந்தாலும் கடைசியில் "சொந்தமா ஒரு ஷாப் வெக்கணும்" என்றுதான் முடிப்பார். நான் அதை ஒரு வியாதி மாதிரி நினைத்துப் பழகியிருந்தேன்.

பட்டறை இருந்தது வேறொரு டவுன்ஷிப்பில். காரில் அரை மணி நேரம். பம்புகளுக்கு வேண்டிய வால்வு பாகங்களைச் செய்துகொண்டிருந்தார்கள். அதை நடத்திவந்தவர் எழுபது வயதைத் தாண்டிய வெள்ளைக்காரர். நல்ல உயரம். எதையும் சொல்வதற்கு முன் ஜன்னல் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொள்வார். அவருடைய அப்பா கட்டிய இடம் அது. ஆபீஸ் சுவரில் இரண்டு பெரிய போட்டோக்கள் இருந்தன. ஒன்றில் அப்பா, இன்னொன்றில் அவர். இருவரும் ஊரை நிர்வகிக்கும் டவுன்ஷிப் கமிட்டியின் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார்கள். இருவருமே மேயராக இருந்தவர்கள்.

விற்றுவிட்டு அவர் டெக்ஸஸில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். போட்டோக்கள் சுவரிலேயே இருந்தன. மறந்துவிட்டுப் போய்விட்டார் என்று நினைத்து நான் போன் செய்தேன். "எனக்கு வேண்டாம், தூக்கிப் போட்டுவிடுங்கள்" என்றார். அப்பாவின் போட்டோவைக்கூட வேண்டாம் என்கிறாரே என்று அன்று சாயங்காலம் சமைக்கும்போது நினைத்துக்கொண்டேன்.

நான் வேலையை விட்டுவிட்டு ஷாப்பில் ஆர்டர், ஷிப்பிங், சம்பளம் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டேன். ஆரம்பத்தில் நன்றாகவே போயிற்று. மிஷின்களைப் புதிதாகப் போட்டோம். பழைய ஆட்கள் ஒருவர்கூட விட்டுப் போகவில்லை.

பிறகு ஒரு நாள் மத்தியானம், ஊரில் ஆட்சியில் இருந்த கட்சியின் உள்ளூர்த் தலைவர் வந்தார். நடுத்தர வயது. மிருதுவான குரல். பட்டறைக்குள் வெயில்காலத்தில் எவ்வளவு சூடாக இருக்கும் என்று வந்தவர்களுக்குத் தெரியும்; அவர் கோட்டைக் கழற்றவே இல்லை. என் கணவருக்குக் கை கொடுத்தார். என்னைப் பார்த்து, "உங்கள் மகள் ஸ்கூல் டீமில் மிக நன்றாக ஓடுகிறாளாம்" என்றார். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. யார் சொன்னார்கள் என்று கேட்கத் தோன்றவில்லை.

"இந்தப் பட்டறையின் முதலாளி எப்போதுமே கமிட்டியில் இருந்திருக்கிறார்," என்றார் அவர். "ஊருக்கு அது பழகிப்போய்விட்டது. இப்போது அந்த இடம் காலியாக இருக்கிறது."

அவர் போன பிறகு என் கணவர் ஷாப்புக்குள் இரண்டு சுற்று நடந்துவிட்டு வந்தார். முகம் ஜொலித்தது.

"இந்த டவுன்ல இத்தனை இந்தியன் ஃபேமிலி இருக்கோம். கமிட்டில நம்மாளு ஒருத்தனாவது இருக்கானா சொல்லு?"

"அதுக்கு நீங்கதான் கெடச்சீங்களா? ஷாப்பை யாரு பாக்கறது?"

"மாசத்துல ரெண்டு மீட்டிங். அவ்ளோதான்."

ஷாப் வாங்கிய கையோடு நாங்களும் அதே ஊருக்குக் குடிவந்திருந்தோம். எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் ஒரு அக்கா இருந்தார். மதுரைப் பக்கம். பேஸ்மென்ட்டில் பிள்ளைகளுக்கு மேத்ஸ் டியூஷன் எடுப்பார். என் மகளும் அவரிடம் படித்தவள்தான். என் கணவர் கமிட்டித் தேர்தலில் நின்று ஜெயித்ததற்குப் பாதிக் காரணம் அந்த அக்கா. தன் வீட்டு ஹாலில் அக்கம்பக்கத்து ஆட்களை எல்லாம் கூட்டி, பொங்கலும் வடையும் செய்துபோட்டு, இவரைப் பேசவைத்தார். அப்போது ஊரில் ஒரே பேச்சு ஸ்கூலுக்குப் பின்னால் இருக்கும் பெரிய வயலைப் பற்றித்தான். அதில் வேர்ஹவுஸ் கட்ட ஒரு கம்பெனி அலைந்துகொண்டிருந்தது. அது வந்தால் ராத்திரி பகலாக ட்ரக் ஓடும். இவர் அந்த ஹாலில் நின்று, "நான் இருக்கிற வரைக்கும் அந்த நிலத்துல வேர்ஹவுஸ் வராது" என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். நானும்தான்.

பதவியேற்பு அன்று கீதையை நான் பிடித்துக்கொண்டேன், அவர் அதன்மேல் கை வைத்தார். கட்சித் தலைவர் முதல் வரிசையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகுதான் எனக்கு ஒவ்வொன்றாகத் தட்டுப்பட ஆரம்பித்தது. கமிட்டியில் பொதுமக்களுக்குத் திறந்த கூட்டம் முடிந்ததும், கதவைச் சாத்திக்கொண்டு இன்னொரு கூட்டம் நடக்கும். அதில் என்ன பேசினார்கள் என்று வெளியே சொல்லக் கூடாது. அதிலிருந்து வரும்போதெல்லாம் இவர் சாப்பாட்டை அளைந்துகொண்டிருப்பார். போன் வந்தால் காருக்குள் போய் உட்கார்ந்து பேசுவார். என்ன விஷயம் என்று கேட்டால், "போச்சாது, விடு" என்பார். ஒன்றுமில்லை, போகட்டும் என்பதை அவர் ஊரில் அப்படித்தான் சொல்வார்கள்.

ஒரு காலையில் ஷாப்புக்குப் போனேன். எங்கள் ட்ரக்குகள் மெயின் ரோட்டுக்கு ஏறும் பாதையில் சின்னச் சின்ன இளஞ்சிவப்புக் கொடிகள் நட்டிருந்தன. கம்பியில் ஒட்டிய பிளாஸ்டிக் கொடிகள். ஒரு பையன் சர்வே கருவியை வைத்து அளந்துகொண்டிருந்தான். விசாரித்தேன். அந்தப் பாதை டவுன்ஷிப்புக்குச் சொந்தமானதாம். நாங்கள் அதைப் பயன்படுத்தலாமா என்று மறுபடி பரிசீலிக்கிறார்களாம். அந்தத் துண்டு நிலம் இல்லாவிட்டால் எங்கள் ட்ரக் வெளியே வர வேறு வழியே கிடையாது. பட்டறையை மூட வேண்டியதுதான்.

உடனே என் கணவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். கமிட்டியில் உட்கார்ந்திருப்பவர் அவர். அவருக்கே தெரியாமல் கமிட்டி ஆளனுப்பியிருக்கிறது. யாரிடம் கேட்பது என்று அவர் யோசித்துக்கொண்டிருக்கும்போதே தலைவரிடமிருந்து போன் வந்தது. இவர் ஸ்பீக்கரில் போட்டார்.

"இப்போதுதான் கேள்விப்பட்டேன்," என்றது அந்த மிருதுவான குரல். "யாரோ அவசரப்பட்டுவிட்டார்கள். நான் ஒரு போன் செய்கிறேன். கவலைப்படாதீர்கள்."

சாயங்காலத்துக்குள் கொடிகளைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

"பாத்தியா, எவ்ளோ நல்ல மனுஷன்," என்றார் என் கணவர். "பதிலுக்கு எதுவுமே கேக்கல."

எதுவும் கேட்காததுதான் எனக்கு உறுத்தியது.

அடுத்த நாள் டெக்ஸஸுக்குப் போன் செய்தேன். பழைய முதலாளியிடம் மிஷின் சம்பந்தமாக ஏதோ கேட்பதுபோல ஆரம்பித்தேன். ஷாப்பில் ஒரு சின்னப் பிரச்சினை என்றேன். உடனே அவரே கேட்டார்.

"பாதையில் கொடி நட்டார்களா?"

நான் அந்தப் பேச்சையே எடுத்திருக்கவில்லை.

"என் அப்பா காலத்தில் சாக்கடை இணைப்பைக் கிளறினார்கள்," என்றார். "என் காலத்தில் தீயணைப்பு இன்ஸ்பெக்ஷன். எங்களுக்குப் பாதை கடைசியில்தான் வந்தது."

"இதை நீங்கள் முன்னாலேயே எங்களிடம் சொல்லியிருக்க வேண்டாமா?"

"சொல்லியிருந்தால் வாங்கியிருப்பீர்களா?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. களைத்துப்போன குரல். "அந்தக் கட்டடத்தை வைத்துக்கொண்டு என்னால் அந்தப் பதவியை விட முடியவில்லை அம்மா. அதனால்தான் விற்றேன். உங்கள் கணவரிடம் ஒன்று சொல்லுங்கள். அவர்கள் எதையும் கேட்க மாட்டார்கள். என்ன செய்ய வேண்டும் என்று அவருக்கே புரிந்துவிடும்."

அன்றைக்கே இவரிடம் சொன்னேன். "வயசாயிடுச்சு அவருக்கு. தனியா உக்காந்து எதையாவது நெனச்சுட்டு இருப்பாரு" என்றார். அவர் குரலில் இருந்த எரிச்சல் அந்தக் கிழவர்மேல் இல்லை, என்மேல்.

வேர்ஹவுஸ் விஷயம் வோட்டுக்கு வந்த கூட்டத்துக்கு நானும் மகளும் போயிருந்தோம். ஹால் நிரம்பி, சுவரோரமாக ஆட்கள் நின்றார்கள். அக்கா மைக் முன்னால் போய் நின்றார். அவருடைய இங்கிலீஷ் எப்போதும் கணக்குச் சொல்லிக்கொடுப்பது மாதிரி நிதானமாக இருக்கும். அன்று நடுங்கியது. "நீங்கள் என் வீட்டில் நின்று ஒரு வாக்கு கொடுத்தீர்கள். நான் அதை நம்பி வீடு வீடாகப் போனேன்," என்றார். என் கணவர் அவரை நேராகப் பார்த்துத் தலையை ஆட்டினார், ரொம்ப மரியாதையாக. பிறகு ஒவ்வொருவராகப் பெயர் கூப்பிட்டார்கள். இவர் முறை வந்தபோது "யெஸ்" என்றார். அந்த ஒரு வோட்டில்தான் அது நிறைவேறியது.

திரும்பும் வழியில் காரில் நான் கேட்டேன்.

"யாராவது உங்களை மெரட்டினாங்களா?"

"இல்ல."

"இப்படி வோட் பண்ணுங்கன்னு சொன்னாங்களா?"

"யாரும் ஒண்ணும் சொல்லலடி. டவுனுக்கு டாக்ஸ் வருமானம் வேணும். எல்லாத்தையும் யோசிச்சுத்தான் பண்ணேன்."

பின் சீட்டிலிருந்து மகள், "தட்ஸ் வொர்ஸ், அப்பா" என்றாள். அவர் ரேடியோவைப் போட்டார்.

மறுநாள் எங்கள் ட்ரக் அந்தப் பாதையில் ஏறி ரோட்டைத் தொட்டபோது எனக்கு மூச்சு வந்தது. அதை மறைத்து எழுத முடியாது. ஷாப்பில் எங்களை நம்பிப் பத்துப் பன்னிரண்டு குடும்பங்கள் இருந்தன.

அதன் பிறகு எல்லாமே சுலபமாக நடந்தது. புது ஆர்டர்கள் தாமாகத் தேடி வந்தன. கமிட்டி இவரையே மேயராகத் தேர்ந்தெடுத்தது. கூட்டத்துக்குப் போய் வந்தால் நன்றாகச் சாப்பிட்டார், நன்றாகத் தூங்கினார். காருக்குள் போய்ப் பேசுவது நின்றுபோனது. ஹாலிலேயே பேசினார். குரல்தான் மாறியிருந்தது. ஷாப்பில் மிஷின் சத்தத்துக்கு மேல் கத்திப் பழகியவர், இப்போது பக்கத்தில் இருப்பவர் குனிந்து கேட்கிற மாதிரிப் பேசினார்.

அக்கா மட்டும் விடவில்லை. வயலில் மண் வெட்டத் தொடங்கிய பிறகும் ஒவ்வொரு கூட்டத்துக்கும் வந்தார். ஸ்கூல் பஸ்ஸை ஒட்டி ட்ரக் போவதைப் போட்டோ எடுத்துக்கொண்டு வந்து காட்டினார். அவரோடு இன்னும் சிலர் வர ஆரம்பித்தார்கள்.

ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது இவர் சாதாரணமாகக் கேட்டார்.

"அந்த அக்கா இன்னும் பேஸ்மென்ட்லதான் டியூஷன் எடுக்கறாங்களா?"

"ஆமா. ஏன்?"

"எத்தனை பசங்க வருவாங்க?"

"தெரியல."

"வீட்ல வெச்சு நடத்தறதுக்குப் பர்மிட் எதாவது வாங்கியிருப்பாங்களோ?"

"எனக்கெப்படிங்க தெரியும்?" என்றேன். ரசம் ஊற்றிக்கொள்ளச் சொன்னேன். ஊற்றிக்கொண்டார்.

கொஞ்ச நாள் கழித்து, நான் வாக்கிங் போகும்போது அக்கா வீட்டு வாசலில் டவுன்ஷிப் கார் ஒன்று நின்றது. அப்படியே திரும்பி வந்துவிட்டேன். மறுநாள் மனசு கேட்காமல் அவர் வீட்டுக்குப் போனேன். முகத்தில் அடித்த மாதிரி கதவைச் சாத்தினாலும் சாத்தட்டும் என்றுதான் போனேன்.

அக்கா கதவைத் திறந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது.

"நானே உன்னப் பாக்க வரணும்னு இருந்தேன்மா. நேத்து டவுன்ஷிப்லருந்து ஆளு வந்து, டியூஷன உடனே நிறுத்தணும், ஃபைன் போடுவோம்னு என்னென்னமோ சொல்லிட்டுப் போயிட்டான். எனக்குக் கை காலே ஓடல. காலைல உங்க வீட்டுக்காரரே போன் பண்ணாரு."

"என்ன சொன்னாரு?"

"யாரோ அவசரப்பட்டுட்டாங்க, நான் ஒரு போன் பண்றேன், கவலப்படாதீங்கன்னாரு. அவர எதுத்து நான் எவ்ளோ பேசியிருக்கேன்! மனசுல ஒண்ணும் வெச்சுக்கலயே. ரொம்ப நல்ல மனுஷன்மா அவரு."

நான் அவர் சோபாவில் உட்கார்ந்திருந்தேன். எழுந்துகொள்ளத் தோன்றவில்லை.

"இந்த வாரம் மீட்டிங்ல பேசணும்னு பேர் குடுத்திருந்தேன்," என்றார் அக்கா. "இப்ப எதுக்கு அதெல்லாம். விடு. காப்பி போடட்டுமா?"

அன்று சாயங்காலம் இவர் ஷூவைக் கழற்றுவதற்குள் கேட்டுவிட்டேன்.

"அக்கா வீட்டுக்கு ஆள் அனுப்பினது நீங்களா?"

"நான் எதுக்கு அனுப்பணும்? யாரோ கம்ப்ளைன்ட் குடுத்திருக்காங்க. நான் ஹெல்ப்தான் பண்ணேன்."

அவர் பொய் சொல்வதாக எனக்குத் தோன்றவில்லை. யாரையும் அனுப்பச் சொல்லியிருக்க மாட்டார். ஆபீஸில் யார் காதிலோ, என்னிடம் கேட்ட மாதிரியே சும்மா கேட்டிருப்பார். அந்த ஆளுக்கே புரிந்திருக்கும்.

இப்போது அவர் மாநில சட்டசபைக்கு நிற்கிறார். 'பட்டறை முதலாளி, உங்களில் ஒருவர்' என்று பிரசுரம் அடிக்கிறார்கள். அதற்கு ஒரு குடும்பப் போட்டோ தேவைப்பட்டது. மகள் டெக்ஸஸில் காலேஜ் படிக்கிறாள். வர மாட்டேன் என்று என்னிடம் தீர்த்துச் சொல்லிவிட்டாள். நான் அதை இவரிடம் சொன்னேன். கோபப்படுவார் என்று நினைத்தேன்.

"அவளுக்கு சம்மர் இன்டர்ன்ஷிப் எப்படிக் கெடச்சுதுன்னு தெரியுமா?" என்றார்.

"இன்டர்வியூ பண்ணாங்க, கெடச்சுது. வேற எப்படி?"

"ஆமா, ஆமா," என்று சிரித்தார். "நல்லா படிக்கற பொண்ணு."

வார இறுதியில் மகள் வந்துவிட்டாள். ஷாப்புக்கு முன்னால் நின்றோம். போட்டோகிராபர் வெளிச்சத்தைச் சரிசெய்துகொண்டிருந்தார். இவர் கொஞ்சம் தள்ளி யாரிடமோ தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார். மகள் என் புடவைத் தலைப்பைச் சரிசெய்வதுபோல் கிட்டே வந்தாள்.

"அப்பா கால் பண்ணார்மா."

"என்ன சொன்னார்?"

"நத்திங். இன்டர்ன்ஷிப் எப்படிப் போகுது, பாஸ் நல்லவரான்னு கேட்டார். தட்ஸ் இட்."

அதற்குள் இவர் வந்து எங்கள் இருவர் தோளிலும் கை போட்டுக்கொண்டார். எல்லாரும் கேமராவைப் பார்த்தோம்.